பேயிடம் விற்ற கல்யாணம்

மருத்துவமனைக் கட்டிலில் ஒரு கிழவி சாகக் கிடக்கிறாள். அவள் மேல் பாய்ந்த குண்டு அவளுக்காகச் சுட்டது இல்லை. அவள் வளர்த்த பிள்ளையைக் குறிபார்த்துச் சுட்டது. டாக்டர்கள் கைவிரித்தாயிற்று. மந்திரம் தெரிந்த பெரிய மனிதர்களும் கைவிரித்தாயிற்று. அப்போது சிவந்த தோலும் சிவப்பு அங்கியுமாக ஒருவன் வந்து நிற்கிறான். கிழவியைப் பிழைக்க வைக்கிறேன் என்கிறான். பதிலுக்கு அவன் கேட்பது ஆன்மாவை இல்லை. அந்தப் பிள்ளையின் கல்யாணத்தை!

அந்தப் பிள்ளையின் பெயர் பீட்டர் பார்க்கர், அதாவது ஸ்பைடர்மேன். கிழவி அவனை வளர்த்த பெரியம்மா மே. கேட்டவன் மெஃபிஸ்டோ, மார்வல் காமிக்ஸின் நரகத்து ராஜா. பீட்டரும் அவன் மனைவி மேரி ஜேனும் சம்மதித்தார்கள். பெரியம்மா பிழைத்தாள். இருபது வருடக் கல்யாணம் நடக்கவே நடக்காதது போல ஆகிவிட்டது. 2007-இல் நான்கு இதழ்களில் வெளிவந்த அந்தக் கதைக்கு 'ஒன் மோர் டே' என்று பெயர்.

காமிக்ஸ் ரசிகர்கள் இன்றுவரை இந்தக் கதையைத் திட்டுகிறார்கள். பெரும்பாலானவர்கள் திட்டுவது ஜோடியைப் பிரித்துவிட்டார்களே என்ற ஆதங்கத்தில். அது நியாயமான ஆதங்கம்தான், ஆனால் சின்ன ஆதங்கம். பெரிய தவறு வேறு. அந்தக் கதையில் பேய் பேயாக வரவில்லை. ஆபீஸில் வேண்டாத ஃபைலைக் கிழித்துப் போடும் ஊழியனாக வந்தது. ஒரு நல்ல வில்லனை இதைவிடக் கேவலமாகப் பயன்படுத்த முடியாது.

ஏன் என்று புரிய, இந்த மெஃபிஸ்டோ எங்கிருந்து வந்தான் என்று பார்க்க வேண்டும்.

பெயர் பழையது. 1587-இல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் அச்சான ஃபாஸ்ட் கதைப் புத்தகத்தில் மெஃபிஸ்டோஃபிலிஸ் என்கிற பேய் வருகிறது. படிப்பாளி ஒருவன் ரத்தத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் செய்கிறான். 24 வருடம் பேய் அவனுக்கு வேலைக்காரன். 24 வருடம் முடிந்தால் அவன் பேய்க்குச் சொந்தம். மார்லோ இதை ஆங்கிலத்தில் நாடகமாக்கினார். கதே இதையே எடுத்து முதல் பாகத்தை 1808-இல் வெளியிட்டார். இரண்டாம் பாகம் அவர் இறந்த வருடமான 1832-இல் வெளிவந்தது. வாழ்நாள் முழுக்க எழுதினார் என்றே சொல்லலாம்.

மார்வலில் ஸ்டான் லீயும் ஓவியர் ஜான் புஸ்கெமாவும் 1968-இல் 'சில்வர் சர்ஃபர்' மூன்றாம் இதழில் மெஃபிஸ்டோவைக் கொண்டுவந்தார்கள். அந்த முதல் கதையே மிகச் சுத்தமான கதை. சில்வர் சர்ஃபர் நல்லவன். அவன் நல்லவனாக இருப்பதே மெஃபிஸ்டோவுக்குத் தொல்லை. அவனை விலைக்கு வாங்க, அவன் பிரிந்து தவிக்கும் காதலி ஷாலா பாலைக் கொண்டுவந்து கண்முன் நிறுத்துகிறான். அவளும் வேண்டும், ஆன்மாவும் வேண்டும் என்றால் இரண்டும் கிடைக்காது. சர்ஃபர் மறுக்கிறான். மறுத்ததற்கு விலையும் கொடுக்கிறான், காதலி மறுபடி அவனைவிட்டுப் போகிறாள்.

பேய்க்கதையின் இலக்கணம் மொத்தமும் இதில் இருக்கிறது. மூன்றே விதிகள். ஒன்று, விற்பவன் தன்னுடைய பொருளைத்தான் விற்க வேண்டும். இரண்டு, என்ன விற்கிறோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். மூன்று, விற்றபிறகு அந்த இழப்போடு அவன் வாழ வேண்டும், அல்லது சாக வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது பேரம் இல்லை, வெறும் வித்தை.

கணக்குப் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் அதே தொகைக்குப் பற்று எழுதியே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் சரிக்குச் சரி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ தப்பு, அல்லது எவனோ தப்பு. மெஃபிஸ்டோவின் நல்ல கதைகள் எல்லாவற்றிலும் கணக்கு நேராகிறது. கெட்ட கதைகளில் ஒரு பக்கம் காணாமல் போகிறது.

முதலில் நல்ல கணக்குகள்.

1971-இல் அமெரிக்க காமிக்ஸ் தணிக்கை விதிகள் தளர்ந்தபின் பேய், பிசாசு, ஓநாய் மனிதன் என்று மார்வல் இறங்கியது. 1972-இல் 'மார்வல் ஸ்பாட்லைட்' ஐந்தாம் இதழில் கோஸ்ட் ரைடர் வந்தான். ஜானி பிளேஸ் என்கிற மோட்டார் சைக்கிள் சாகசக்காரன். அவனை மகன் போல வளர்த்த கிராஷ் சிம்ப்சனுக்குப் புற்றுநோய். அவரைக் காப்பாற்ற ஜானி ஆன்மாவை விற்கிறான். அந்த இதழில் பேயின் பெயர் சாத்தான். அது மெஃபிஸ்டோதான் என்று பிற்பாடு மார்வல் மாற்றிச் சொன்னது. பேய் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது, புற்றுநோய் போய்விடுகிறது. ஆனால் சிம்ப்சன் அடுத்த சாகசத்திலேயே பைக்கில் விழுந்து சாகிறார். நோயால் சாகக்கூடாது என்றுதானே கேட்டாய் என்கிற மாதிரி! ஜானியின் தலை தீப்பற்றி எரியும் மண்டையோடாகிறது. விற்றது அவன், எரிவதும் அவன். கணக்கு நேர்.

இரண்டாவது உதாரணம் இதைவிட உயர்ந்தது. 1989-இல் ரோஜர் ஸ்டெர்ன் எழுதி மைக் மிக்னோலா வரைந்த 'டிரையம்ப் அண்ட் டார்மெண்ட்'. பிற்பாடு ஹெல்பாயைப் படைத்த அதே மிக்னோலாதான். டாக்டர் டூமின் தாய் செய்த மந்திர வேலைகளால் அவள் ஆன்மா மெஃபிஸ்டோவிடம் சிக்கியிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை டூம் அவளை மீட்கப் போராடுகிறான், தோற்கிறான். கடைசியில் டாக்டர் ஸ்ட்ரேஞ்சைக் கூட்டிக்கொண்டு நரகத்துக்கே போகிறான். அங்கே மெஃபிஸ்டோ பேரம் பேசுகிறான். ஸ்ட்ரேஞ்சின் ஆன்மாவைக் கொடு, தாயை விடுகிறேன் என்கிறான். டூம் சரி என்கிறான். கூட வந்தவனையே விற்கிறான்!

இதைப் பார்த்த தாய் கொதித்துப் போகிறாள். இன்னொருவனை விற்று வரும் விடுதலை வேண்டவே வேண்டாம் என்று மகனை உதறுகிறாள். அப்படி உதறிய அந்தக் கணத்தில் அவள் ஆன்மா தூய்மையாகி விடுதலை ஆகிவிடுகிறது. மெஃபிஸ்டோ ஏமாறுகிறான். இது இப்படித்தான் முடியும் என்று டூமுக்கு முன்பே தெரியும். அவன் கொடுத்த விலை தாயின் அன்பு. மகன் ஒரு ராட்சசன் என்ற எண்ணத்தோடுதான் அவள் போகிறாள். அவளுக்கு உண்மையைச் சொல்லும் வாய்ப்பு அவனுக்கு இனி என்றைக்கும் இல்லை. ஒரு வில்லனைப் பார்த்து வாசகன் கண்கலங்குவது அபூர்வம். அங்கே கலங்குகிறான். ஏனென்றால் ஒரு பைசா குறையாமல் விலை கொடுத்தவன் அந்த வில்லன்.

இப்போது ஸ்பைடர்மேனுக்கு வருவோம்.

ஸ்பைடர்மேன் என்கிற பாத்திரமே விலையின் மேல் கட்டியது. 1962-இல் முதல் கதையிலேயே, தடுக்கக்கூடிய ஒரு திருடனை பீட்டர் தடுக்காமல் விடுகிறான். அதே திருடன் பெரியப்பா பென்னைக் கொல்கிறான். அந்தச் சாவு திரும்பி வரவில்லை. 1973-இல் காதலி க்வென் ஸ்டேசி செத்தாள். காப்பாற்ற வலை வீசியும் செத்தாள். சக்தி இருந்தால் பொறுப்பும் இருக்கும், செய்ததற்கும் செய்யாததற்கும் பதில் சொல்ல வேண்டும். மற்ற சூப்பர் ஹீரோக்களிடமிருந்து இவனைப் பிரித்துக் காட்டியது இதுதான்.

1987-இல் பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணம் நடந்தது. சும்மா நடக்கவில்லை. நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில், பேஸ்பால் ஆட்டத்துக்கு வந்த கூட்டத்தின் முன்னால், வேடம் போட்ட மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஸ்டான் லீயே நின்று கல்யாணம் செய்துவைத்தார். ஊரைக் கூட்டி, மொய் வாங்காத குறையாக விற்ற கல்யாணம் அது. அதன்பின் இருபது வருடம் வாசகர்கள் காசு கொடுத்து அந்தக் குடும்பத்தைப் படித்தார்கள்.

2006-இல் 'சிவில் வார்' கதையில் பீட்டர் உலகத்தின் முன்னால் முகமூடியைக் கழற்றினான். அதனால் அவன் வீடு எல்லா வில்லன்களுக்கும் தெரிந்தது. கிங்பின் அனுப்பிய ஆள் சுட்டான். குண்டு பெரியம்மா மேல் பாய்ந்தது. அதுவரை கதை நேர்மையாகவே வந்தது. முகமூடியைக் கழற்றியது பீட்டரின் முடிவு, விலை வந்து நிற்கிறது. பென் பெரியப்பாவின் சாவு போலவே இதுவும்.

அங்கேதான் மெஃபிஸ்டோவைக் கூப்பிட்டார்கள்.

மூன்று விதிகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். முதல் விதி, தன் பொருளை விற்க வேண்டும். பீட்டர் விற்றது அவனுடைய பொருள் மட்டும்தானா? கல்யாணத்தில் பாதி மேரி ஜேனுடையது. அவளும் சம்மதித்தாள் என்பார்கள். ஒரு பக்கம் சாகக் கிடக்கும் மாமியார் ஸ்தானத்துப் பெண், இன்னொரு பக்கம் குற்ற உணர்ச்சியில் உடைந்து நிற்கும் கணவன், நடுவில் கெடு வைத்து நிற்கும் பேய். இந்த நிலையில் வாங்கின சம்மதத்தை எந்த ஊர் ஒப்பந்தச் சட்டம் சம்மதம் என்று ஒத்துக்கொள்ளும்? அதுமட்டுமா? போகிற போக்கில் மெஃபிஸ்டோ ஒரு சிறுமியைக் காட்டுகிறான். இந்த ஜோடிக்குப் பிறந்திருக்க வேண்டிய மகள் அவள். அவளையும் சேர்த்துத்தான் விற்றிருக்கிறார்கள். அவளிடம் யார் கேட்டார்கள்? பெரியம்மாவிடம்தான் யார் கேட்டார்கள்? பிள்ளையின் வாழ்க்கையைப் பேயிடம் அடகு வைத்து இன்னும் சில வருடம் வாழ வேண்டுமா என்று கேட்டிருந்தால் அந்தக் கிழவி என்ன சொல்லியிருப்பாள் என்பது நாற்பது வருடம் அவளைப் படித்த எல்லோருக்கும் தெரியும். டூமின் தாய் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பாள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான் இது.

இரண்டாவது விதியும் மூன்றாவது விதியும் ஒன்றாகவே அடிபட்டுப் போகின்றன. விற்ற கையோடு இருவருக்கும் விற்றதே மறந்துவிடுகிறது. ஆன்மாவின் ஏதோ ஒரு மூலையில் வலி மிச்சம் இருக்கும் என்று மெஃபிஸ்டோ சொல்கிறான். நல்ல வசனம். ஆனால் அதே இதழின் கடைசிப் பக்கங்களில் பீட்டர் பெரியம்மா வீட்டில் கண்விழித்து, ஜாலியாக ஒரு பார்ட்டிக்குப் போகிறான். யாருக்கான பார்ட்டி? 1993-இல் செத்துப்போன நண்பன் ஹாரி ஆஸ்பர்னுக்கு! அவனும் உயிரோடு வந்துவிட்டான். இலவச இணைப்பு போல. பேயிடம் பேரம் பேசியவன் கையில் பெரியம்மா இருக்கிறாள், நண்பன் இருக்கிறான், முகமூடி ரகசியமும் திரும்ப வந்துவிட்டது, இளமையும் சுதந்திரமும் இருக்கின்றன. வரவுப் பக்கம் நிரம்பி வழிகிறது. பற்றுப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. பேயிடம் போய் இவ்வளவு லாபத்தோடு திரும்பியவன் நானூறு வருடப் ஃபாஸ்ட் கதைகளில் எங்காவது உண்டா?

அப்படியானால் அந்த விலையை யார் கொடுத்தார்கள்? வாசகன் கொடுத்தான். நினைவு வைத்திருப்பவன் அவன் ஒருவன்தானே.

எடிட்டர் தரப்பு வாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். அப்போது மார்வலின் தலைமை எடிட்டர் ஜோ கேசாடா. அந்தக் கதையை வரைந்தவரும் அவரே. கல்யாணமான பீட்டருக்கு வயதாகிவிட்டது, இளம் வாசகர்களுக்கு அவன் அந்நியமாகிறான், கதைக்கான வழிகள் குறைகின்றன என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன நிலைப்பாடு. விவாகரத்து செய்தால் இன்னும் வயதான ஆளாகிவிடுவான், மனைவியைச் சாகடித்தாலும் அப்படியே என்றும் சொன்னார். இது முட்டாள்தனமான வாதம் இல்லை. ஒரு பாத்திரத்தை ஐம்பது வருடம் ஓட்டுபவர்களுக்கு அந்தக் கவலை இருக்கும். இதன்பின் தொடங்கிய 'பிராண்ட் நியூ டே' வரிசையில் நல்ல கதைகளும் வந்தன என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் அந்த வாதத்தை உற்றுப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். விவாகரத்து என்றால் இருவரும் முடிவெடுக்க வேண்டும், காயம் படவேண்டும், அதோடு வாழ வேண்டும். அதாவது விலை கொடுக்க வேண்டும். விலை கொடுத்த ஆள் முதிர்ந்த ஆளாகத்தான் இருப்பான். அது வேண்டாம் என்பதற்காகத்தான் பேய். பீட்டர் எந்த முடிவுக்கும் பொறுப்பாகக் கூடாது, எதையும் இழந்ததாகத் தெரியவும் கூடாது, ஆனால் கல்யாணம் மட்டும் போக வேண்டும். பொறுப்பு என்கிற ஒற்றைச் சொல்லின் மேல் நிற்கிற பாத்திரத்துக்குப் பொறுப்பே இல்லாத விடுதலை!

கதையை எழுதிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கிக்கே இது ஒப்பவில்லை. கடைசி இரண்டு இதழ்களிலிருந்து தன் பெயரை எடுத்துவிட நினைத்ததாக அவரே பொதுவில் சொன்னார். பிறகு சமாதானமாகிப் பெயரை விட்டுவைத்தார். சமைத்தவனே இலையில் உட்கார மறுத்த சாப்பாடு அது.

இன்னொரு வேடிக்கை. 2010-இல் 'ஒன் மொமென்ட் இன் டைம்' என்று ஒரு விளக்கக் கதை வந்தது. பீட்டர் யார் என்பது உலகத்துக்கு எப்படி மறந்தது? டாக்டர் ஸ்ட்ரேஞ்சும் டோனி ஸ்டார்க்கும் ரீட் ரிச்சர்ட்ஸும் சேர்ந்து மறக்கச் செய்தார்களாம். அப்படியானால் முகமூடிச் சிக்கலைத் தீர்க்கப் பேயே தேவையில்லை! மெஃபிஸ்டோ வந்தது கல்யாணத்தை எடுக்க மட்டும்தான். பேய் யாருக்காக வேலை பார்த்தது என்ற கேள்விக்கு மார்வலே எழுதிக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் இது.

இது ஒருமுறை நடந்த விபத்து என்றாலும் மன்னிக்கலாம். ஆனால் இது முதல் முறை இல்லை.

ஸ்கார்லெட் விட்ச் எனப்படும் வாண்டாவுக்கு 1986-இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன, தாமஸ், வில்லியம். கணவன் விஷன் ஒரு செயற்கை மனிதன், ஆகவே மந்திர சக்தியால் வந்த கர்ப்பம். அதை எழுதியவர்கள் நிஜமாகவே ஒரு குடும்பத்தை எழுதினார்கள். 1989-இல் ஜான் பைர்ன் அந்தக் கதைவரிசைக்கு வந்தார். அந்தக் குழந்தைகள் குழந்தைகளே இல்லை, உடைந்து சிதறிய மெஃபிஸ்டோவின் ஆன்மாத் துண்டுகள் என்று எழுதினார். துண்டுகள் மெஃபிஸ்டோவிடம் திரும்பிப் போயின. குழந்தைகள் காலி. தாய்க்கு வலிக்குமே? அதற்கும் வழி இருந்தது. அகதா ஹார்க்னஸ் வந்து குழந்தைகளின் நினைவையே அவளிடமிருந்து எடுத்துவிட்டாள். 2007-இல் நடந்ததன் ஒத்திகை இது. அதே பேய், அதே மறதி.

வாராக்கடனைக் கணக்கிலிருந்து கிழித்துவிட்டால் கடன் தீராது. 2004-இல் 'அவெஞ்சர்ஸ் டிஸ்அசெம்பிள்ட்', 2005-இல் 'ஹவுஸ் ஆஃப் எம்'. குழந்தைகளின் நினைவு திரும்பிய வாண்டா மனம் பேதலித்து நண்பர்களைக் கொல்கிறாள், உலகத்தையே மாற்றி எழுதுகிறாள், லட்சக்கணக்கான மியூட்டன்ட்களின் சக்தியைப் பறிக்கிறாள். 1989-இல் எழுதாமல் விட்ட பற்று வட்டியோடு வந்து நின்றது. அதற்கும் 'பைத்தியக்காரி' என்ற பட்டம் வாண்டாவுக்குத்தான் கிடைத்தது. பேயை ரப்பராகப் பயன்படுத்தியவர்களுக்கு இல்லை.

இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னொன்றும் தெரியும். இரண்டிலும் அழிந்தது ஒரு பெண்ணின் குடும்பம். வாண்டாவின் பிள்ளைகள், மேரி ஜேனின் கல்யாணமும் பிறக்காத மகளும். மனைவியும் தாயும் கதைக்குச் சுமை, சுமையை இறக்க ஒரு பேய். மெஃபிஸ்டோவின் கொம்பையும் வாலையும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது இந்தப் பழக்கத்தைப் பார்த்து.

திரைப்படங்களும் தொடர்களும் என்ன செய்தன? ஆச்சரியம், அங்கே கணக்கு ஓரளவு நேராக இருக்கிறது. 'ஒன் மோர் டே' வந்த அதே 2007-இல்தான் நிகோலஸ் கேஜ் நடித்த 'கோஸ்ட் ரைடர்' படமும் வந்தது. பெரிய படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பீட்டர் ஃபோண்டாவின் மெஃபிஸ்டோஃபிலிஸ் பழைய விதிப்படி நடக்கிறான். மகன் கையெழுத்துப் போடுகிறான், அப்பாவின் புற்றுநோய் குணமாகிறது, அப்பா மறுநாளே சாகசத்தில் விழுந்து சாகிறார். மகன் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறான். சுமாரான படத்துக்குத் தெரிந்தது, மார்வலின் முதன்மைப் பத்திரிகைக்குத் தெரியவில்லை.

2021-இல் 'வாண்டாவிஷன்' தொடர் வந்தபோது நடந்தது இன்னும் சுவாரஸ்யம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரசிகர்கள் மெஃபிஸ்டோவைத் தேடினார்கள். அகதாவின் முகம் தெரியாத கணவன் மெஃபிஸ்டோதான் என்று சத்தியம் செய்தார்கள். கடைசிவரை அவன் வரவில்லை. பலர் ஏமாந்து திட்டினார்கள். உண்மையில் நன்றி சொல்லியிருக்க வேண்டும்! பேய் வந்திருந்தால் பழி அதன் தலையில் விழுந்திருக்கும், வாண்டா தப்பித்திருப்பாள். பேய் வராததால் ஒரு ஊரையே சிறைவைத்தது அவள்தான் என்று அவளே பார்க்க வேண்டியதாயிற்று. கணவனையும் குழந்தைகளையும் தன் கையாலேயே, தெரிந்தே, போகவிட்டாள். நினைவு போகவில்லை. 1989-இல் அழித்த பக்கத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் திருப்பி எழுதினார்கள்.

அதே வருட டிசம்பரில் 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்'. இதைவிடச் சரியான பதில் 'ஒன் மோர் டே'வுக்குக் கிடையாது. அங்கும் முகமூடி ரகசியம் வெளியாகிறது, அங்கும் உலகம் மறக்க வேண்டியிருக்கிறது, அங்கும் பீட்டர் காதலியை இழக்கிறான். ஆனால் மே சாகிறாள், பேய் யாரும் வந்து காப்பாற்றவில்லை. எல்லோரும் என்னை மறக்கட்டும் என்று முடிவெடுப்பது பீட்டர். முக்கியமாக, அவன் மட்டும் மறப்பதில்லை. கடைசியில் எம்ஜே வேலை செய்யும் கடைக்கு, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எழுதிக்கொண்டு போகிறான். அவள் நெற்றியில் இருக்கும் காயத்தின் கட்டைப் பார்க்கிறான். சொல்லாமல் திரும்புகிறான். இதுதான் விலை. தியேட்டரில் அந்த இடத்தில் ஏற்பட்ட நிசப்தத்தை நான்கு இதழ் 'ஒன் மோர் டே' முழுவதிலும் தேடினாலும் கிடைக்காது.

2025-இல் மெஃபிஸ்டோ நிஜமாகவே மார்வல் தொடருக்கு வந்துவிட்டான். 'அயர்ன்ஹார்ட்' தொடரின் கடைசிப் பகுதியில் சாஷா பேரன் கோஹன் மெஃபிஸ்டோவாக நடித்தார். பார்க்கர் ராபின்ஸுக்கு மந்திர அங்கி கொடுத்தது அவன்தான், அந்த அங்கி பார்க்கரின் உடம்பைத் தழும்பாகத் தின்றதும் தெரிகிறது. அடுத்து ரீரி வில்லியம்ஸ். சுட்டுக் கொல்லப்பட்ட தோழி நாட்டலி உயிரோடு திரும்பி வருகிறாள். தோழியைக் கட்டிப்பிடிக்கும் ரீரியின் தோலில் கறுப்பு நரம்பு படர்கிறது. தொடர் முடிகிறது. என்ன விலை என்று சொல்லவில்லை.

இங்கேதான் எதிர்காலமே தொங்குகிறது. அந்தக் கறுப்பு நரம்பு ரீரியைச் சுட வேண்டும். விற்றது அவள், எரிய வேண்டியதும் அவள். மாறாக, பத்துப் பதினைந்து வருடக் கதைகளில் சேர்ந்த குழப்பங்களைத் துடைக்க, ஒத்துவராத பாத்திரங்களைக் காணாமல் செய்ய, செத்தவர்களைச் சம்பளம் பேசித் திரும்பக் கொண்டுவர மெஃபிஸ்டோவை உபயோகித்தால், மறுபடி 2007தான். பேய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், கையெழுத்து மட்டும் மேலிடத்துடையதாக இருக்கும்.

காமிக்ஸ்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்கள் உண்டு. பொம்மைப் புத்தகம்தான். ஆனால் பத்து வயதுப் பையன் ஒருவன் பொறுப்பு என்ற வார்த்தையின் அர்த்தத்தை முதன்முதலில் படித்தது அந்தப் பொம்மைப் புத்தகத்தில். தப்பு செய்தால் திரும்ப எடுக்க முடியாது, பெரியப்பா திரும்ப வரமாட்டார், ஆனாலும் நாளைக்கு எழுந்து சரியானதைச் செய்யலாம் என்று அது சொன்னது. அதே புத்தகம் பிறகு ஒருநாள், கஷ்டம் தாங்காவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட ஆள் இருக்கிறது, அழித்தது உனக்கு ஞாபகமும் இருக்காது என்று சொன்னால் அந்தப் பையன் கோபப்படுவதில் என்ன தப்பு?

கல்யாணமான ஸ்பைடர்மேன் விற்கமாட்டான் என்ற வாதமும் இப்போது நிற்கவில்லை. 2024-இல் ஜோனத்தன் ஹிக்மனும் ஓவியர் மார்கோ கெக்கெட்டோவும் 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' என்று தனி உலகத்தில் புதிதாகத் தொடங்கினார்கள். அதில் பீட்டர் முப்பதைத் தாண்டியவன், மேரி ஜேன் மனைவி, இரண்டு குழந்தைகள். முதல் இதழ் தீர்ந்து தீர்ந்து மறுபடி மறுபடி அச்சானது. மனைவி, பிள்ளைகள், வேலை, வீட்டுப் பொறுப்பு எல்லாவற்றோடும் வாசகன் அவனை ஏற்றுக்கொண்டான். 2007-இல் பேயிடம் கொடுத்தது சுமை இல்லை, சொத்து.

மெஃபிஸ்டோ வரட்டும். நல்ல வில்லன், இன்னும் நூறு கதை அவனிடம் இருக்கிறது. வந்தால் முதல் விதியிலிருந்து வரட்டும். விற்பவன் தன்னுடையதை விற்கட்டும், தெரிந்து விற்கட்டும், விற்றதை ஞாபகம் வைத்திருக்கட்டும். அதற்குத் தைரியம் இல்லாத எழுத்தாளர்களும் எடிட்டர்களும் தங்கள் முடிவுக்குத் தாங்களே கையெழுத்துப் போடட்டும். பேயை விட்டுப் போடச் சொல்ல வேண்டாம்.